மைக்ரேனுக்கு எது சரி: வலி மாத்திரையா, டிரிப்டானா, தினமும் போடுற மாத்திரையா, புது ஊசியா?

போன மாசம் இங்க மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த்துல ஒரு கல்யாணம். மேளச்சத்தம் ஆரம்பிச்சதும் தங்கச்சி முறையில ஒரு பொண்ணு எழுந்து வந்து, வெளிய கார் நிறுத்துற இடத்துல கண்ண பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, “அக்கா, மைக்ரேன்னா மூளையில வீக்கமாமே, அப்ப வீக்கத்துக்குத்தான மருந்து சாப்புடணும், நான் இத்தன வருஷமா பனடோல் போட்டே ஓட்டிட்டேனே”ன்னு கேட்டா, கேக்கும்போதே அழுதுட்டா. மாசத்துக்கு ஏழெட்டு நாள் வருதாம். கிளினிக் டாக்டர் தினமும் ஒரு மாத்திரை போடச் சொல்றாரு, ஆபீஸ் தோழி புது ஊசி வந்திருக்குங்கிறா, மாமியார் மஞ்சள் கேப்சூல் வாங்கி வச்சிருக்காங்க, இவ எதையும் ஆரம்பிக்காம பயந்துபோய் இருக்கா.

இதே குழப்பத்துல இருக்கவங்க எனக்குத் தெரிஞ்சே இன்னும் நாலஞ்சு பேர் உண்டு. நான் டாக்டர் இல்ல. பதினாலு வருஷமா ஒத்தைத் தலைவலியோட வாழ்றவ, இதுல நாலு வழிய நானே போட்டுப் பாத்திருக்கேன், மத்தத நியூரோ டாக்டர்கிட்ட துருவித் துருவிக் கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன். அவளுக்குச் சொன்னத கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன்.

## மொதல்ல அந்த ‘வீக்கம்’ என்னன்னு பாத்துடலாம்

பாடப்புத்தகத்துல அழற்சின்னு சொல்றத நாம வீட்டுல வீக்கம்னு சொல்றோம், பயம் அங்கயே ஆரம்பிக்குது. கால் சுளுக்கினா வீங்கும், பல்லு சொத்தையானா கன்னம் வீங்கும், மூளைக்காய்ச்சல் வந்தா மூளையே வீங்கி ஆளுக்கே ஆபத்து ஆகும். மைக்ரேன்ல கிருமியும் கிடையாது, சீழும் கிடையாது, மூளை பெருத்துப் போறதும் கிடையாது. இத மட்டும் மனசுல வாங்கிக்கிட்டாலே பாதி பயம் இறங்கிடும்.

மூளைக்குள்ள வலி தெரியாது, அத சுத்திப் போர்த்தியிருக்க உறைக்குத்தான் வலி தெரியும். அந்த உறைக்கு ட்ரைஜெமினல்ங்கிற, முகத்துக்கு உணர்ச்சி குடுக்குற நரம்போட கிளை வருது, அதுலயும் முக்கியமா கண்ணு, நெத்தி பக்கம் போற கிளை, அதனாலதான் நமக்கு வலி கண்ணுக்குப் பின்னாடி ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. மைக்ரேன் ஆரம்பிக்கும்போது இந்த நரம்போட நுனியில இருந்து சில பொருள் கசியுது, அதுல ரெண்டு பேர் முக்கியம், ஒண்ணு சிஜிஆர்பி, இன்னொண்ணு சப்ஸ்டன்ஸ் பி. இது கசிஞ்சதும் உறையில இருக்க ரத்தக்குழாய் விரியுது, அக்கம்பக்கத்துல இருக்க மாஸ்ட் செல் ஒடஞ்சு இன்னும் பல பொருளக் கொட்டுது, நரம்பு இன்னும் கூச்சமாகுது. நரம்பே கொளுத்தி விடுற அழற்சி இது. குனிஞ்சா, இருமுனா, மாடிப்படி ஏறுனா டொக்கு டொக்குன்னு இடிக்கிறதுக்குக் காரணம் இந்தக் கூச்சந்தான்.

இது ஒண்ணு ரெண்டு மணி நேரம் நீடிச்சா கூச்சம் உள்ள, மூளைத்தண்டு வரைக்கும் போயிடும். அப்ப தலை சீவ முடியாது, காதுல தோடு உறுத்தும், கொண்டையில வச்ச மல்லிப்பூவே பாரமா வலிக்கும். இதுக்கு அல்லோடினியான்னு பேரு. இந்த வார்த்தைய ஞாபகம் வச்சுக்குங்க, மருந்து தேர்வுக்கு இது ரொம்ப வேணும்.

சிலருக்கு வலிக்கு முன்னாடி கண்ணு முன்னால கோடு கோடா மின்னும், அதுதான் ஆரா. அப்ப மூளை மேல்பரப்புல ஒரு அலை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேகத்துல மெதுவா ஊர்ந்து போகுது, பிரேசில்காரர் லியாவோ 1944லயே இத மொயலோட மூளையில கண்டுபிடிச்சாரு. அந்த அலை போனப்புறம் மூளை செல்லுல இருந்து அழற்சி சிக்னல் கிளம்பி உறை வரைக்கும் போறத 2013ல எலிகள்ல காட்டினாங்க, 2019ல ஆராவோட மைக்ரேன் வரவங்கள பெட் (PET) ஸ்கேன் எடுத்தப்ப மூளையில அழற்சியோட சேந்த செல்லுங்க சுறுசுறுப்பா இருந்ததப் பாத்தாங்க. ஆக அழற்சிங்கிறது கட்டுக்கதை இல்ல, நெஜமாவே இருக்கு. அதுக்காக நம்ம சாதாரண எம்ஆர்ஐலயோ ரத்த டெஸ்ட்லயோ அது தெரியாது, “வீக்கம் இருக்கான்னு பாக்கணும்”னு மட்டுமே காசு கட்டி ஸ்கேனுக்கு ஓடாதீங்க, டாக்டர் வேற காரணத்துக்குச் சந்தேகப்பட்டு எடுக்கச் சொன்னா அது தனி விஷயம்.

இங்க ஒரு பழைய தோல்விக்கதைய சொல்லியே ஆகணும். 1990கள்ல சப்ஸ்டன்ஸ் பிய தடுக்கிற மருந்துகள மைக்ரேனுக்கு டெஸ்ட் பண்ணாங்க. எலியில உறைக்குள்ள நடக்குற கசிவ அது அழகா நிறுத்துச்சு, மனுஷனுக்குக் குடுத்தா தலைவலி குறையல. ஆனா அதே சமயம், 1990ல கோட்ஸ்பி, எட்வின்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மைக்ரேன் நேரத்துல கழுத்து ரத்தத்துல சிஜிஆர்பி ஏறுறதக் காட்டியிருந்தாங்க, அந்த வழிய பிடிச்சுப் போனவங்க ஜெயிச்சாங்க, 2021ல இந்த ரெண்டு பேர், கூட மாஸ்கோவிட்ஸ், ஓலேசன், நாலு பேருக்கும் சேத்து பிரெயின் பிரைஸ் கெடச்சுது. நமக்கு இதுல இருக்க சேதி இதுதான்: ‘அழற்சிய குறைக்கும்’னு டப்பாவுல போட்டிருக்க எல்லாமே மைக்ரேனுக்கு வேலை செய்யாது. சங்கிலியில எந்தக் கண்ணிய அறுக்குதுங்கிறதுதான் கணக்கு.

## எத வச்சு முடிவு பண்றது

என்னோட அளவுகோல் இதுதான், வரிசையும் முக்கியம்.

மாசத்துல எத்தன நாள். வலி வந்த நாள் எத்தன, மாத்திரை போட்ட நாள் எத்தன, ரெண்டும் தனித்தனியா. இது தெரியாம டாக்டர் முன்னாடி போய் உக்காந்தா அவரும் குத்துமதிப்பாத்தான் சொல்ல முடியும். 4 நாளுக்கு மேல போய் வேலையும் கெட்டா தடுப்பு மருந்து பத்திப் பேச ஆரம்பிக்கிறதுதான் வழக்கம்.

வலி எவ்வளவு வேகமா ஏறுது. அரை மணியில உச்சத்துக்குப் போறவங்களுக்கும் அரை நாள் இழுத்து ஏறுறவங்களுக்கும் ஒரே மருந்து சரிவராது.

உங்க உடம்பு. ஆஸ்துமா, பிரஷர், இருதயம், வயித்துப்புண், கிட்னி, அடுத்த ரெண்டு வருஷத்துல பிள்ளை பெத்துக்கிற யோசனை. இத டாக்டர் கேக்கலேன்னாலும் நீங்களே சொல்லுங்க.

எவ்வளவு நாள் காத்திருக்கணும், மறைஞ்ச செலவு என்ன. மாத்திரை விலை மட்டும் செலவு இல்ல. எம்சி (மெடிக்கல் லீவு) எடுத்த நாள், கட்டான ஓட்டி (ஓவர்டைம்), பினாங்கு பாலத்துல ஜாம்ல கெடந்து ஆஸ்பத்திரிக்குப் போற அரை நாள், பக்கவிளைவால ஏறுற எடை, எல்லாம் செலவுதான்.

## வழி 1: வலி வந்தா வலி மாத்திரை

பொன்ஸ்தான், ஐபுபுரோஃபன், நெப்ரோக்ஸன், ஆஸ்பிரின், இதெல்லாம் ஒரே குடும்பம். அழற்சியில உண்டாகுற ப்ராஸ்டாகிளாண்டின குறைக்கும். பனடோல், அதாவது பாராசிட்டமால், இந்தக் குடும்பத்துல சேராது, அது வலிய குறைக்கும், ஆனா அழற்சி மேல அதுக்கு அவ்வளவா பிடி இல்ல, சிலருக்கு அதுவே போதும்னா நல்லது, மாத்தவே வேணாம்.

மாசத்துக்கு ரெண்டு மூணு நாள் வலி, மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துல வேலைக்குத் திரும்ப முடியுது, வயித்துல தொல்லை இல்ல, அப்ப இதுதான் உங்களுக்கு சரியான வழி. வேற எதையும் தேடாதீங்க. ஆனா வலி ஆரம்பிச்ச உடனே, டாக்டரோ ஃபார்மசிஸ்ட்டோ சொன்ன முழு அளவுல போடுங்க, அரை மாத்திரைய வச்சு ‘பாப்போம்’னு இழுத்தா அதுக்குள்ள உள்ள கூச்சம் பரவிடும். மைக்ரேன் நேரத்துல வயிறே மந்தமா நின்னு போயிடுது, போட்ட மாத்திரை ரத்தத்துல சேரவே லேட்டாகும், அதனாலதான் வாந்தியோட வரவங்களுக்கு டாக்டர் மாக்சலோன் மாதிரி ஒண்ண சேத்துக் குடுக்குறாரு.

மறைஞ்ச செலவுதான் இங்க பெருசு, இதுல நான் அனுபவிச்சத சொல்றேன். பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட்ல இருந்தேன், வெள்ளை லைட்டு, தூக்கம் தலைகீழ், ஓட்டி போனா வீட்டுக்கடன் கட்ட முடியாது. ஆரம்பத்துல மாசம் நாலு நாள் பொன்ஸ்தான். அப்புறம் பத்து. ‘வந்துடுமோ’ங்கிற பயத்துல ஷிஃப்ட்டுக்கு முன்னாடியே ஒண்ணு போட்டுட்டுப் போக ஆரம்பிச்சேன். ஒரு வருஷத்துல மாசத்துக்கு இருபது நாள் தலைவலி, தினமும் காலையில கண்ண முழிக்கும்போதே மண்டை கனம், நானும் வியாதி முத்திடுச்சுன்னு நெனச்சு இன்னும் ரெண்டு போட்டேன். போன கிளினிக்குல ஒவ்வொரு தடவையும் பட்டை பட்டையா குடுத்தாங்களே தவிர எத்தன நாள் போடுறேன்னு ஒருத்தரும் கேக்கல. மாத்திரையே தலைவலியக் குடுக்குதுன்னு கடைசியில ஒரு நியூரோ டாக்டர் சொன்னப்ப நான் நம்பவே இல்ல.

வரம்பு இதுதான், எழுதி ஃப்ரிஜ்ல ஒட்டிக்குங்க: சாதாரண வலி மாத்திரை மாசத்துக்கு 15 நாள் அல்லது அதுக்கு மேல, மூணு மாசத்துக்கு மேல போனா மாத்திரைத் தலைவலி ஆபத்து. காஃபீன் கலந்த பனடோல் எக்ஸ்ட்ரா மாதிரி கலவை மாத்திரைக்கு வரம்பு 10 நாளுதான். கோடீன் கலந்தது, எர்காட்ங்கிற பழைய மைக்ரேன் மாத்திரை, அதுக்கும் 10தான்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கே உரியது. காய்ச்சலோட தலைவலி வந்தா அது டெங்கியா இருக்கலாம், அப்ப பொன்ஸ்தான், ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் எதையும் தொடாதீங்க, ரத்தக்கசிவு ஆபத்து. மைக்ரேன்காரங்க பழக்கத்துல பையில இருக்கத எடுத்து வாயில போட்டுடுவோம், அதான் அழுத்திச் சொல்றேன்.

## வழி 2: டிரிப்டான்

சுமாட்ரிப்டான்தான் இதுல மூத்தது, 1991ல இருந்து வெளிநாட்டுல புழக்கத்துக்கு வந்துச்சு. இது பொதுவான வலி மாத்திரை இல்ல, முதுகுவலிக்கு வேலை செய்யாது. நரம்பு நுனியில செரட்டோனின் சுவிட்ச் ஒண்ணு இருக்கு, அத அமுத்தி சிஜிஆர்பி கசியுறத நிறுத்தும், விரிஞ்ச ரத்தக்குழாயையும் சுருக்கும். அதாவது வலி மாத்திரை தொடுற எடத்துக்கு ஒரு படி மேல, அழற்சிய கொளுத்துற எடத்துலயே கை வைக்குது.

யாருக்கு: மாசத்துக்கு நாலஞ்சு தடவைக்குள்ள, ஆனா வந்தா படுக்கையில தள்ளிடும், வலி மாத்திரை முழு அளவுல ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணியும் கேக்கல. அப்படிப்பட்டவங்க வருஷக்கணக்கா பொன்ஸ்தானோட போராடுறத பாத்தா எனக்கு மனசு ஆறாது, ஏன்னா ஒரு சரியான மாத்திரையில மத்தியானமே எழுந்து பிள்ளைக்கு சோறு குடுக்கலாம்.

நேரம்தான் இதுக்கு உயிர். 2004ல பர்ஸ்டீன் குழு வெளியிட்டதுல, அல்லோடினியா வராத தலைவலியில டிரிப்டான் போட்டப்ப 93 சதவீதம் ரெண்டு மணி நேரத்துல வலியே இல்லாம ஆச்சு, அல்லோடினியா வந்தப்புறம் போட்டதுல வெறும் 15 சதவீதம். தலைமுடி வலிக்கிற வரைக்கும் காத்திருந்து போட்டுட்டு ‘இது எனக்கு ஒத்துவரல’ன்னு விட்டவங்க நெறய பேர், நானே முதல் ரெண்டு தடவை அப்படித்தான் வீணாக்கினேன். வலி லேசா ஆரம்பிச்சதும் போடணும். ஆரா வரவங்க கண்ணு மின்னும்போதே போடாம, வலி தொடங்கினதும் போடுறதுதான் வழக்கம்.

யாருக்கு வேணாம்: மாரடைப்பு, நெஞ்சுவலி, பக்கவாதம் வந்தவங்க, பிரஷர் கட்டுக்குள்ள இல்லாதவங்க. ரத்தக்குழாய சுருக்குற மருந்து, அதனாலதான். போட்டதும் சிலருக்கு நெஞ்சு, கழுத்து, தாடையில ஒரு இறுக்கம் வரும், பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல போயிடும், ஆனாலும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. வரம்பு மாசத்துக்கு 10 நாளுக்குக் கீழ. பழைய எர்காட் மாத்திரைய இதோட ஒரே நாள்ல சேக்கவே கூடாது.

மறைஞ்ச செலவு விலைதான், ஒரு மாத்திரை விலைக்கு ஒரு பட்டை பொன்ஸ்தான் வாங்கிடலாம். ஆனா ஒரு நாள் சம்பளம் போறதோட வச்சுப் பாருங்க, அப்ப கணக்கு மாறும்.

## வழி 3: தினமும் போடுற தடுப்பு மாத்திரை

இங்கதான் நம்ம ஆளுங்க நிக்கிறாங்க. “வலி இல்லாத நாள்லயும் மாத்திரையா? பிரஷர் மாத்திரை எனக்கு எதுக்கு? வலிப்பு மாத்திரைய டாக்டர் ஏன் எழுதினாரு, எனக்கு வலிப்பா?” இந்தக் கேள்வியெல்லாம் எங்க வீட்டுலயும் வந்துச்சு, அம்மா டப்பாவ கையில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் என்கிட்ட சண்ட போட்டாங்க.

ப்ரொப்ரனலால் பிரஷருக்குக் குடுக்குறது, டோபிரமேட் வலிப்புக்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு. மூணுக்கும் மைக்ரேன தடுக்கிற கொணம் இருக்குன்னு பல வருஷ அனுபவத்துல தெரிஞ்சுது. ஏன்னு கேட்டா, நான் மேல சொன்னேனே ஊர்ந்து போற அலை, 2006ல எலிகள்ல பாத்தப்ப இந்த மூணுமே அந்த அலை கிளம்புறதயே குறைச்சுது, அதுவும் ஒரு நாள் குடுத்ததுல இல்ல, வாரக்கணக்கா குடுத்தப்புறம்தான். எனக்கு இத படிச்சப்புறம்தான் டாக்டர் ‘ரெண்டு மாசம் பொறுங்க’ன்னு சொன்னது புரிஞ்சுது. அழற்சி பத்திக்கிற எடம் வரைக்கும் போக விடாம, மூளையோட பதட்டத்தயே தணிக்கிற வேல இது, அதுக்கு நாள் எடுக்கும். சரியான அளவுக்கு வந்து குறைஞ்சது எட்டு வாரம் போட்டுத்தான் தீர்ப்பு சொல்லணும், ரெண்டு வாரத்துல விட்டவங்க அந்த மருந்த முயற்சி பண்ணதாவே கணக்கு இல்ல.

ஒவ்வொண்ணோட குணமும் வேற வேற:

ப்ரொப்ரனலால், பிரஷரும் நெஞ்சு படபடப்பும் சேந்து இருக்கவங்களுக்கு நல்லா பொருந்தும். ஆஸ்துமா இருந்தா கூடவே கூடாது. எங்க அண்ணிக்கு ஆஸ்துமா, இந்த மாத்திரைய எழுதப் போனப்ப அண்ணி கைப்பையில இருந்து இன்ஹேலர எடுத்துக் காட்டினதாலதான் மாறுச்சு.

அமிட்ரிப்டிலின், தூக்கமே வராதவங்களுக்கு ராத்திரி கொஞ்ச அளவுல குடுப்பாங்க. வாய் காயும், காலையில மந்தமா இருக்கும், எடை ஏறும். மோட்டார்ல அஞ்சு மணிக்கே ஷிஃப்ட்டுக்குக் கிளம்புறவங்க இத டாக்டர்கிட்ட சொல்லணும்.

டோபிரமேட், எடை ஏறக்கூடாதுன்னு நெனக்கிறவங்களுக்குத் தோதா இருக்கும், பசி குறையும். பதிலுக்கு விரல் நுனி மதமதப்பு, பேசும்போது வார்த்தை தொண்டையிலேயே நிக்கும், கிட்னி கல் வர வாய்ப்பு உண்டு, தண்ணி நெறய குடிக்கணும். நான் இதத்தான் போட்டேன், 100 பிளஸ் சோடா குடிச்சா கேஸே இல்லாத சக்கரத் தண்ணி மாதிரி இருந்துச்சு, கடைக்காரர் பழசக் குடுத்துட்டாருன்னு நெனச்சேன், அது மருந்தோட வேல. கர்ப்பமாகுற யோசனை இருந்தா இந்த மருந்து வேணாம், குழந்தைக்குக் குறை வர ஆபத்து இருக்கு. வால்ப்ரோயேட்டுக்கும் அதே எச்சரிக்கை, இன்னும் கடுமையா.

யாருக்கு இந்த வழி: மாசத்துக்கு நாலு நாளுக்கு மேல வலி, இல்ல மாத்திரை நாள் பத்த நெருங்குது. கல்யாணத்துல பாத்த என் தங்கச்சி சரியா இந்த இடத்துலதான் நிக்கிறா. செலவும் இங்க ரொம்பக் கம்மி, குடிமக்களுக்கு கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க கிளினிக்குல, ஒரு வெள்ளி, அங்கிருந்து கடிதம் வாங்கிட்டு ஜிஎச்சுல (அரசாங்க ஆஸ்பத்திரியில) ஸ்பெஷலிஸ்ட் பாத்தாலும் கம்மிதான். குடுக்க வேண்டியது பொறுமையும் அரை நாள் லீவும்.

## வழி 4: சிஜிஆர்பி ஊசி

2018 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி வாங்கின எரினுமாப்தான் இந்த வரிசையில முதல் ஊசி, அப்புறம் ஃப்ரெமனெசுமாப், கல்கனெசுமாப். வேற நோய்க்குச் செஞ்சத இங்க கடன் வாங்காம, மைக்ரேன தடுக்கணும்னே அந்தக் கழுத்து ரத்தத்துல பாத்த பொருள குறி வச்சு செஞ்ச மருந்து. பெரிய மூலக்கூறு, மூளைக்குள்ள பெருசா நுழையாது, வெளிய உறையிலயும் ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சுலயும் நின்னு சிஜிஆர்பியயோ, அது போய் ஒட்டுற பூட்டையோ மடக்கும். அதனாலதான் மறதி, மந்தம் மாதிரி தொல்லை இதுல ரொம்பக் கம்மி. மாசத்துக்கு ஒருக்கா தொடையிலயோ வயித்துலயோ போட்டுக்குறது, ஃப்ரெமனெசுமாப்ப மூணு மாசத்துக்கு ஒருக்காவும் போடலாம்.

எதிர்பார்ப்ப மட்டும் சரியா வச்சுக்குங்க. 2017ல வந்த எரினுமாப் ஆய்வுல 140 மில்லிகிராம் போட்டவங்கள்ல பாதிப் பேருக்கு மைக்ரேன் நாள் பாதிக்குப் பாதி குறைஞ்சுது, போலி ஊசி போட்டவங்கள்லயே 26.6 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைஞ்சுது. சராசரியா மாசத்துக்கு 3.7 நாள் கம்மி, போலி ஊசிக்கு 1.8. அற்புதம்னு சொல்ற அளவு இல்ல, ஆனா அந்தப் பாதிப் பேர்ல ஒருத்தரா இருந்தா வாழ்க்கையே திரும்பக் கெடச்ச மாதிரி. மூணு மாசம் போட்டும் அசையலேன்னா டாக்டரோட பேசி நிறுத்துறதோ மாத்துறதோ நல்லது. இதுல இருந்தே இன்னொண்ணும் தெரியுது பாருங்க, சிஜிஆர்பி மட்டுமே மைக்ரேன் இல்ல, சிலருக்குச் சங்கிலி வேற கண்ணி வழியா ஓடுது.

மறைஞ்ச செலவு: எரினுமாப்ல மலச்சிக்கல், சில சமயம் கடுமையாவே வரும், பிரஷர் ஏறுறதும் உண்டு, வீட்டுல பிரஷர் மெஷின் வச்சுப் பாத்துக்கணும். உடம்புல மாசக்கணக்குல தங்குற மருந்து, அதனால பிள்ளைக்கு முயற்சி பண்றதுக்கு சுமார் அஞ்சு மாசம் முன்னாடியே நிறுத்தச் சொல்றாங்க. காசு, இது நூறு வெள்ளியில முடியற கணக்கு இல்ல, மாசா மாசம் வரும். இன்சூரன்ஸ் மெடிக்கல் கார்டு இருக்கேன்னு நெனக்கிறவங்க கவனிங்க, நம்ம ஊர்ல நெறய கார்டு வார்டுல படுத்தாத்தான் குடுக்கும், வெளிநோயாளி ஊசிக்குக் குடுக்காது, ஊசி போடுறதுக்கு முன்னாடியே ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. எந்த ஊசி எங்க கெடைக்கும்ங்கிறதும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

அமெரிக்கத் தலைவலி சங்கம் 2024ல இத முதல் வரிசை மருந்தாவே வைக்கலாம்னு சொல்லிடுச்சு, அதாவது பழைய மாத்திரையெல்லாம் தோத்தாத்தான் இதுக்கு வரணும்னு இல்ல. சொந்தக்காசுல கட்டுற நம்ம ஊருக்கு என் அபிப்பிராயம் வேற: ரெண்டு தடுப்பு மாத்திரைய நேர்மையா முயற்சி பண்ணி ஒத்துவரலேன்னா அப்ப இதுக்கு வாங்க. மாசத்துக்கு 15 நாளுக்கு மேல வலியோட இருக்கவங்க மட்டும் இவ்வளவு காத்திருக்க வேணாம், முதல் தடவையே நியூரோகிட்ட இந்த ஊசியையும், மைக்ரேன தடுக்கப் போடுற போட்டாக்ஸ் ஊசியையும் கேட்டுடுங்க.

## வழி 5: மஞ்சள் கேப்சூல், பத்து, தைலம்

சுருக்கமா சொல்லிடுறேன். கோடாலி தைலமும் சுக்குப் பத்தும் நெத்தியில போட்டா இதமா இருந்தா போடுங்க, நானும் போடுறேன், எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல ஈரத்துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டே பால் வெட்டினவங்க. ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) 400 மில்லிகிராம் தினமும், மெக்னீசியம், இதுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு, மூணு மாசம் பொறுமையாப் பாக்கணும், கிட்னி தொல்லை இருந்தா மெக்னீசியம் டாக்டரக் கேட்டு. மஞ்சள் கேப்சூலுக்கு மைக்ரேன்ல அந்த அளவு ஆதாரம் இல்ல, கொழம்புல போடுற மஞ்சளுக்கும் அடர்த்தியான கேப்சூலுக்கும் வித்தியாசம் இருக்கு, கேப்சூல் சாப்பிட்டு கல்லீரல் கெட்டவங்க இருக்காங்க.

எனக்கு நெஜமான கோவம் வரது பசார் மாலாம்லயும் (ராத்திரிச் சந்தை) வாட்ஸ்அப்லயும் விக்கிற ‘எல்லா வீக்கமும் போகும்’ ஜாமு மூலிகைப் பொடி மேலதான். இப்படி வர பதிவில்லாத சரக்குல ஸ்டெராய்டு கலந்திருக்கத சுகாதார அமைச்சு பல தடவை பிடிச்சு எச்சரிச்சிருக்கு. ஸ்டெராய்டு போட்டா முதல் வாரம் வலி பறந்துதான் போகும், அதனாலதான் ஜனங்க நம்புறாங்க. அப்புறம் முகம் உப்பும், சக்கரை ஏறும், திடீர்னு நிறுத்தினா உடம்பே சுருண்டுடும். எம்ஏஎல்னு ஆரம்பிக்கிற அரசாங்கப் பதிவு நம்பரும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இல்லாதத வாங்காதீங்க.

## ஒரே பார்வையில

| வழி | சங்கிலியில எங்க | பலன் தெரிய | கவனம் |
|---|---|---|---|
| வலி மாத்திரை | அழற்சியோட கடைசிப் படி | 1–2 மணி நேரம் | மாசம் 15 நாள தொடக்கூடாது, டெங்கி, வயித்துப்புண் |
| டிரிப்டான் | சிஜிஆர்பி கசியுற எடம் | 2 மணி நேரத்துக்குள்ள, சீக்கிரம் போட்டா | மாசம் 10 நாள தொடக்கூடாது, இருதயம், பக்கவாதம் |
| தினசரி மாத்திரை | மூளையோட பதட்டம், அலை | சரியான அளவுல 8 வாரம் | ஆஸ்துமா, கர்ப்பம், எடை |
| சிஜிஆர்பி ஊசி | கசிஞ்ச சிஜிஆர்பி, அதோட பூட்டு | 1–3 மாசம் | காசு, மலச்சிக்கல், பிரஷர், கர்ப்ப யோசனை |

## ரெண்டு வழி சேத்துப் போறதுதான் நடைமுறை

இதுல ஒண்ண எடுத்தா மத்தத விடணும்னு யாரும் நெனக்க வேணாம். தடுப்பு மாத்திரையோ ஊசியோ போடுறவங்களுக்கும் நடுவுல வலி வரும், அப்ப டிரிப்டானோ வலி மாத்திரையோ வேணும், நாள் கணக்கு மட்டும் தாண்டக்கூடாது. சிலருக்கு டிரிப்டானும் நெப்ரோக்ஸனும் சேத்து எழுதுவாங்க, ரெண்டும் சங்கிலியில வேற வேற கண்ணிய அறுக்குது, அதனால ஒண்ணவிட சேந்து நல்லா பிடிக்கும்.

மாத்திரைத் தலைவலியில மாட்டினவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. நிறுத்தின முதல் வாரம் நரகம், பொய் சொல்ல மாட்டேன். நான் தைப்பூசத்துக்கு முன்னாடி வாரம் நிறுத்தினேன், அந்த வருஷம் தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போகல, ஜன்னல கறுப்புத் துணியால மூடிட்டு படுத்திருந்தேன், என் தம்பி வந்து கஞ்சி வச்சுக் குடுத்துட்டுப் போவான். ரெண்டாவது வாரத்துல இருந்து காலைக் கனம் குறைஞ்சுது. டாக்டர் அதே நேரத்துல டோபிரமேட் ஆரம்பிச்சு வச்சிருந்தாரு, தனியா நிறுத்தியிருந்தா தாங்கியிருக்க மாட்டேன், அதனால நீங்களா நிறுத்தாம டாக்டரோட சேந்து நிறுத்துங்க.

இந்த ஒப்பீடு எதுவுமே பொருந்தாத தலைவலியும் உண்டு. ஒரு நொடியில இடி விழுந்த மாதிரி உச்சத்துல வரது, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேந்து வரது, ஒரு பக்கம் கை கால் விழுந்துடுறது, அம்பது வயசுக்கு மேல முதல் முதலா வரது, கர்ப்பத்துலயோ பிரசவத்துக்கு அப்புறமோ புதுசா வரது, இதுக்கெல்லாம் மாத்திரை தேடாம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. ஆரா வர பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை போடுறதா இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, பக்கவாத ஆபத்து கூடும்.

தங்கச்சிக்கு அன்னிக்கு ஒரு வேலைதான் குடுத்தேன். கோயில்ல குடுத்த தமிழ் நாள்காட்டி வீட்டுல தொங்குது இல்ல, அதுல வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை பேரோட. நேத்து படம் எடுத்து அனுப்பியிருந்தா: ஒன்பது வட்டம், பதினொரு கோடு, அதுல ஏழு பனடோல் எக்ஸ்ட்ரா. ‘வராம இருக்கட்டும்னு போட்டது’ன்னு ரெண்டு கோட்டுக்குப் பக்கத்துல எழுதியிருந்தா. வர செவ்வாய்க்கிழமை அந்தத் தாளோட கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போறா, நானும் லீவு போட்டுட்டு கூடப் போறேன்.